இப்னு பதூதா சென்ற வழியில் மதுரைக்கு



சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸா மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி ஒன்று வைத்தோம். ‘தமிழகத்தில் முஸ்லிம்கள்’ என்பது தலைப்பு. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறி, “மதுரையை நாம் ஆண்டோம், நாற்பது ஆண்டுகள் ஆண்டோம்” என்று முழங்கினான். பெற்றோர் கைதட்டினர். முதல் பரிசையும் அவனுக்கே கொடுத்தோம். பரிசை வாங்கிக்கொண்டு இறங்கியவன் எங்கள் அருகில் வந்து, “ஹஜ்ரத், அந்தச் சுல்தான்கள் நல்லவங்களா?” என்று கேட்டான். “பிறகு சொல்கிறோம், போய் உட்கார்” என்றோம்.

பிறகு சொல்லவில்லை. விடை தெரியாமல் அல்ல. இஸ்லாமியக் கல்விப் பட்டயத்திற்குப் படித்த காலத்திலேயே இப்னு பதூதாவின் பயண நூலில் மதுரையைப் பற்றிய பகுதியைப் படித்திருக்கிறோம். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு அவரைப் பற்றிப் பாடமும் நடத்துகிறோம். தாஞ்சியரிலிருந்து புறப்பட்டது, ஹஜ் செய்தது, தில்லியில் காஜியாக இருந்தது, மாலத்தீவு, இலங்கை, சீனா என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வருவோம். மதுரை வந்ததும் இரண்டு பக்கங்களைத் தாண்டிவிடுவோம். பழைய ஏடுகளிலிருந்து எதையாவது உருவி எடுத்து நம் பிள்ளைகளின் முகத்தில் எறிய ஆட்கள் காத்திருக்கும் காலம் இது. நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற அச்சம்தான் காரணம்.

அரையாண்டு விடுமுறை வந்தது. பிள்ளைகள் எங்காவது அழைத்துப்போகச் சொன்னார்கள். கொடைக்கானல் என்றான் மகன். கடற்கரை வழியாக மதுரை போய் வரலாம், இரண்டு நாள் பயணம் என்று நாங்கள் முடிவு செய்தோம். எங்கள் தாயார், நாங்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் என ஐவர். உறவினர் ஒருவரின் காரை இரவல் வாங்கினோம்.

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புதுவயலிலிருந்து கிளம்பினோம். அரிசி ஆலைகளில் நெல் அவியும் வாடை, ஊரைத் தாண்டும்வரை கூடவே வந்தது. காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியே தொண்டிக்குச் சாலை. மழை நன்றாகப் பெய்திருந்த ஆண்டு. கண்மாய்கள் நிரம்பிக் கிடந்தன. தொண்டிக் கடற்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். தாயார் கைப்பட்ட புளிச்சோறு. அங்கே வைத்துத்தான் கதையைத் தொடங்கினோம்.

இப்னு பதூதா 1304இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். 1325இல் ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பினார். 1334 அளவில் தில்லிக்கு வந்தார். முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார். பின்னர் சீன அரசருக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் புயலில் கப்பல்கள் அழிந்து, தூதுப் பொருள்களும் கைவிட்டுப் போயின. மாலத்தீவில் சில காலம் காஜியாக இருந்துவிட்டு, இலங்கைக்குப் போய் ஆதம் மலையைக் கண்டார். அங்கிருந்து 1344ஆம் ஆண்டு நம் கரைக்குப் புறப்பட்டார். இந்தக் கரையை அரபிகள் ‘மஅபர்’ என்றழைத்தார்கள். கடந்து செல்லும் இடம் என்று பொருள்.

கப்பல் நம் கரையை நெருங்கும்போது காற்று திரும்பி, ஆழமில்லாத இடத்தில் தட்டி நின்றுவிட்டது. மாலுமிகள் ஒரு தெப்பம் கட்டினார்கள். அதில் எல்லோருக்கும் இடமில்லை. தம் தோழர்கள் இருவரையும் தம்முடன் இருந்த அடிமைப் பெண்களில் ஒருத்தியையும் இப்னு பதூதா தெப்பத்தில் ஏற்றினார். இன்னொரு பெண், எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று கடலில் இறங்கிவிட்டாள். அவர் மட்டும் உடையும் கப்பலிலேயே இரவைக் கழித்தார்.

“அடிமைப் பொண்ணா? அவரு காஜியாரு இல்லையா அத்தா?” என்றாள் மகள். காஜிதான், அன்றைய உலகம் அப்படியிருந்தது என்றோம். முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை படகில் வந்து அவரைக் காப்பாற்றியவர்கள் இவ்வூர் மக்கள். முஸ்லிம்கள் அல்லர். கரை சேர்த்து, ஒரு காட்டுப் பக்கம் அழைத்துப்போய், மீனும் பழமும் கொடுத்தார்கள். மரத்தில் காய்க்கும், தர்ப்பூசணி போலிருக்கும் ஒரு பழம். அதற்குள் பஞ்சு போல் இருக்கிறது, அதிலிருந்து தேன் போன்ற சாறு எடுத்துச் சர்க்கரை போன்ற இனிப்புச் செய்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். எங்கள் தாயார் கேட்டவுடனே, “பனம்பழத்தைச் சொல்றாரு. நாரைப் பார்த்துப் பஞ்சுங்கிறாரு” என்றார். அரபு நாட்டவருக்கு விளங்காத பொருளுக்குப் புதுவயல் மூதாட்டி உரை சொல்லிவிட்டார். போகும் வழியில் கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு விற்றார்கள். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன் தம்கானி. படையுடன் இரண்டு நாள் பயணத் தொலைவில் முகாமிட்டிருந்தார். அவருக்குக் கடிதம் போயிற்று. குதிரைகளும் பல்லக்கும் அனுப்பி வரவழைத்தார். இந்த மரியாதைக்கு ஒரு காரணம் உண்டு. மதுரையில் முதன்முதலில் தனியரசு அமைத்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் ஒரு மகளை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். இன்னொரு மகள் கியாசுத்தீனின் மனைவி. சில மொழிகளில் இந்த உறவைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். நமக்கு ஒரே சொல் போதும்: சகலை.

சுல்தானைக் காண்பவர் காலில் தோலுறை அணிந்திருக்க வேண்டும் என்பது அரசவை வழக்கம். கடலில் எல்லாவற்றையும் இழந்து வந்தவரிடம் ஏது தோலுறை? அங்கே முஸ்லிம்கள் பலர் நின்றிருந்தார்கள். ஒருவரும் கழற்றித் தரவில்லை. முஸ்லிம் அல்லாத ஒருவர்தான் தம்முடையதைக் கொடுத்தார். நம்மவர்களைவிட அவர் தாராளமாக இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது என்ற கருத்தில் இப்னு பதூதா அதைப் பதிந்திருக்கிறார். எங்கள் மகனுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. அன்று மாலைவரை, செருப்பைக் கழற்றும்போதெல்லாம் “இந்தாங்க இப்னு பதூதா” என்று அக்காளிடம் நீட்டிக்கொண்டே இருந்தான்.

கடற்கரைச் சாலையில் சுந்தரபாண்டியன்பட்டினம், தேவிபட்டினம் என்று ஊர்கள் பட்டினம் பட்டினமாக வருகின்றன. முகாமிலிருந்து இப்னு பதூதா வந்து தங்கிய துறைமுகத்தின் பெயரை அவர் ‘ஃபத்தன்’ என்று எழுதுகிறார். பட்டினம் என்பதன் அரபு வடிவம் அது. கரை நெடுக எத்தனையோ பட்டினங்கள் இருப்பதால் எது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இராமநாதபுரத்திற்குத் தெற்கே உள்ள பெரியபட்டினம் என்பார் பலர். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கடலுக்குள் பெரிய தூண்கள் நட்டு மரமண்டபம் கட்டியிருந்த துறைமுகம், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை, சிங்கம் வளர்த்த ஒரு ஃபக்கீர், அந்தச் சிங்கத்தோடு அஞ்சாமல் வாழ்ந்த ஒரு மான் என்று ஃபத்தனைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் பிள்ளைகளுக்கு விருந்து. இன்றைய பெரியபட்டினத்தில் தென்னந்தோப்புகளும் அமைதியான கடலும்தான் கண்டோம். திராட்சை இல்லையே என்று மகன் குறைப்பட்டான்.

அதன் அருகிலேயே திருப்புல்லாணி. அங்குள்ள பெருமாள் கோயிலின் கல்வெட்டு ஒன்றை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகரின் ‘பிழார்ப் பள்ளி’க்குப் பாண்டிய மன்னர் வரி நீக்கி நிலம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பவித்திரமாணிக்கப்பட்டினம் என்பது பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் கருத்து. ஆணையிட்டவர் பாண்டியர், கொடை பெற்றது பள்ளிவாசல், அதைச் செதுக்கி வைத்தது பெருமாள் கோயிலில். மதுரையில் சுல்தான்களின் கொடி பறப்பதற்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இந்தக் கரையில் பள்ளிவாசல் கட்டி, மரியாதையோடு வாழ்ந்திருக்கிறார்கள். சிறுவனின் பேச்சில் இது ஒரு வரிகூட வரவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள்தானே எழுதிக் கொடுத்தோம்!

கீழக்கரையைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ். அன்று மஃரிப் தொழுதுவிட்டு இராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம்.

இரவு பிள்ளைகள் உறங்கிய பின் நாங்கள் இருவரும் பேசினோம். முகாமுக்கும் ஃபத்தனுக்கும் இடையே நடந்தவற்றைப் பகலில் சொல்லாமல் தாண்டிவிட்டோம். மத்ரஸாவில் செய்வதையே இங்கும் செய்தோம். வீட்டுக்காரரிடம் அதை ஒப்புக்கொண்டபோது அவர் சொன்னது இதுதான்: “நாம சொல்லலேன்னா வேற யாராச்சும் சொல்லத்தான் போறாங்க. அவங்க சொல்ற விதம் வேற மாதிரி இருக்கும். புள்ளைங்க அப்ப நம்மளைத்தான் கேக்கும், ஏன் மறைச்சீங்கன்னு.” அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

காலையில் பரமக்குடி, மானாமதுரை வழியே மதுரைச் சாலை. இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே சொன்னோம்.

சுல்தானின் படை காடு வெட்டி வழியமைத்துக்கொண்டு முன்னேறியது. வழியில் அகப்பட்ட இந்துக்களைச் சிறைப்பிடித்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் இருபுறமும் கூராக்கிய ஒரு மரத்தைச் சுமக்க வைத்தார்கள். இரவு முகாமைச் சுற்றி நான்கு வாயில்களோடு மரவேலி அமைத்தார்கள். விடிந்ததும் அந்தக் கைதிகளை நான்கு வாயில்களுக்கும் கொண்டுபோய், அவர்கள் சுமந்து வந்த மரங்களிலேயே கழுவேற்றினார்கள். அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும் அங்கேயே கொன்றார்கள். இதை எழுதியவர் எதிரி அல்லர். சுல்தானின் விருந்தினர், உறவினர், முஸ்லிம், மார்க்க அறிஞர். எந்த அரசனும் செய்து நான் அறியாத கொடுமை இது, இதனாலேயே அல்லாஹ் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்பது அவருடைய தீர்ப்பு.

இன்னொரு நாள் சுல்தான் உணவருந்திக்கொண்டிருந்தார். அவரது வலப்புறம் அவருடைய காஜி. இடப்புறம் இப்னு பதூதா. ஒரு மனிதரையும் அவர் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூவரின் தலைகளையும் வெட்டச் சொன்னார் சுல்தான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. மற்றொரு முறை ஒருவரைக் கொண்டுவந்து, வீரர்கள் கத்தியை உருவியதும் அவர் அவசரமாக எழுந்தார். எங்கே போகிறீர் என்று சுல்தான் கேட்டார். அஸர் தொழப் போகிறேன் என்றார். சுல்தானுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்த மனிதரின் கை கால்களை வெட்டச் சொன்னார்.

காரில் யாரும் பேசவில்லை. மகன் தன் நன்னியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு மகள் கேட்டாள்: “வலது பக்கம் இருந்த காஜியாரு ஒண்ணும் சொல்லலையா?”

சொன்னதாக எழுதப்படவில்லை.

“இவரு?”

இவரும் அங்கே எதுவும் சொல்லவில்லை. மொராக்கோ திரும்பிய பின், 1355இல், அந்நாட்டு அரசரின் ஆணைப்படி இப்னு ஜுஸை என்ற எழுத்தரிடம் தம் பயணத்தைச் சொல்லி முடித்தபோதுதான் இதுவும் ஏடேறியது. பதினொரு ஆண்டுகள் கழித்து.

“லேட்டுதான். ஆனா சொல்லிட்டாரு” என்றாள் மகள். அந்த ‘ஆனா’ எங்களுக்கு வெகுநேரம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. காஜிகள் இருவரும் சட்டம் அறிந்தவர்கள். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தடையை ஃபிக்ஹ் படிக்கும் முதலாண்டு மாணவனும் அறிவான். சுல்தானின் உணவு விரிப்பில் அமர்ந்திருந்த அந்த இருவருக்கும் அது தெரியாதா? தெரிந்தும் ஒருவர் முகத்தைத் திருப்பினார். மற்றவர் என்ன செய்தார் என்பதே வரலாற்றில் இல்லை. அவர் பெயர்கூட நமக்குத் தேவைப்படவில்லை. இரண்டு பக்கங்களைத் தாண்டிப் பாடம் நடத்திய நாங்கள் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தோம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இங்கே சிலர் உடனே கேட்பார்கள்: மற்ற அரசர்கள் செய்யவில்லையா? செய்தார்கள். அக்காலப் போர்களில் எல்லாத் தரப்பிலும் ஊர்கள் எரிந்தன. பட்டியல் போடுவது எளிது. அந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பதிலாகாது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை எங்கள் மாணவர்கள் மனனமாக ஓதுகிறார்கள். அதன் பொருளையும் நாங்களே கற்பித்திருக்கிறோம். அந்த வசனம் எதிர்த்தரப்பை நோக்கி இறங்கியதல்ல.

அக்காலத்தை இன்றைய கட்சி பிரித்துப் பார்க்கவும் முடியாது. கியாசுத்தீனின் பெரும் எதிரி போசள மன்னர் மூன்றாம் வீர பல்லாளர். எண்பது வயது முதியவர். ஸ்ரீரங்கத்திற்கு அருகிலுள்ள கண்ணனூரில் 1342 அளவில் நடந்த போரில் பிடிபட்டார். அவருடைய படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள் என்று அவர்களை அவர் இகழ்ந்தாலும் கணக்கை மறைக்கவில்லை. விடுவிப்பதாக ஆசை காட்டிப் பல்லாளரின் செல்வம், யானை, குதிரை யாவற்றையும் பெற்றுக்கொண்ட பின் சுல்தான் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அது தொங்கியதை இப்னு பதூதா கண்ணால் கண்டிருக்கிறார். கொடுத்த வாக்கை மீறுவது பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். மகன் சரியாகச் சொன்னான்.

மதுரைக்குள் நுழையும்போது லுஹர் நேரம். காஜிமார் பெரிய பள்ளிவாசலில் தொழுதோம். பிறகு வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் சென்றோம். ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடிற்று, நிறைய ஆகாயத்தாமரை மிதந்தது.

இப்னு பதூதா மதுரைக்கு வந்தபோது கொள்ளைநோய். தெருக்கள் அகலமாயிருந்தன, தில்லியைப் போலத் தம் மாமனார் அமைத்த நகரம் என்று பெருமையோடு தொடங்குபவர் அடுத்த வரியிலேயே நோயைச் சொல்லிவிடுகிறார். படுத்தவர் இரண்டு, மூன்று நாளில் இறந்தார்கள். வெளியே போனால் நோயாளியையோ மய்யித்தையோதான் பார்த்தேன் என்கிறார். ஒரு நாள் ஒரு பெண் எட்டு வயது மகனோடு அவரிடம் வந்தாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி. வறுமையைச் சொல்லி உதவி கேட்டாள். பணம் கொடுத்தார். இருவரும் நலமாகவே இருந்தார்கள். மறுநாள் அவள் தனியே வந்தாள். மகனுக்குக் கஃபன் துணி கேட்டு.

எங்கள் தாயார், “யா அல்லாஹ்” என்று மட்டும் சொன்னார். கொரோனா காலத்தில் அடுத்தடுத்து ஜனாஸாக்களைச் சுமந்த ஊர்கள் நம்முடையவை. விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

சுல்தானின் ஒரே மகன் அந்த நோயில் இறந்தான். தாயும் இறந்தார். நகருக்கு வெளியே ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கியிருந்த சுல்தானும் சில நாள்களில் இறந்துபோனார். அடுத்து வந்த நாசிருத்தீனின் காலத்தில் இப்னு பதூதாவும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். பிழைக்கமாட்டோம் என்றே நினைத்தார். அங்கே நிறையக் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் இறங்கியது. அரபியில் புளிக்குத் ‘தமர் ஹிந்தி’ என்று பெயர், இந்தியப் பேரீச்சை என்று பொருள் என்றோம். “நேத்து சாப்பிட்ட புளிச்சோறுதான் மருந்து” என்றார் தாயார்.

இப்னு பதூதாவைப் புனிதராக்கவும் வேண்டாம். இந்தக் கொடுமைகளைக் கண்ட அதே சுல்தானிடம்தான் மாலத்தீவின் மீது படையெடுக்க அவர் யோசனை சொல்லிக் கப்பல்களையும் கேட்டார். சுல்தானும் ஒப்புக்கொண்டார். கொள்ளைநோய் குறுக்கிட்டிராவிட்டால் அந்தத் தீவு மக்களுக்கு என்ன நேர்ந்திருக்குமோ! காய்ச்சல் தெளிந்ததும், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், கப்பல்கள் புறப்படும் என்று நாசிருத்தீன் சொன்னதை அவர் கேட்கவில்லை. இந்த நகரமே வேண்டாம் என்றாகிவிட்டது. ஃபத்தனுக்குத் திரும்பி, யமனுக்குப் போகும் எட்டுக் கப்பல்களைக் கண்டு ஒன்றில் ஏறிக்கொண்டார்.

1335 அளவில் தொடங்கிய மதுரை சுல்தான்களின் ஆட்சி அதே நூற்றாண்டில் விஜயநகரத்தின் குமார கம்பணரால் ஒழிந்தது. அவருடைய மனைவி கங்காதேவி அந்த வெற்றியை ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியமாகப் பாடினார். வென்றவர் வீட்டிலிருந்து எழுந்த காவியம் அது. அதை ஒருதலைப் பக்கமானது என்று நாம் தள்ளிவிடலாம். இப்னு பதூதாவை அப்படித் தள்ள முடியாது. சுல்தான்கள் ஒழிந்த பிறகும் இங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். கோரிப்பாளையத்திற்குரிய நிலக்கொடையை நாயக்கர் ஆட்சி உறுதிசெய்த கல்வெட்டும் உண்டு. குதிரை விற்றவர்கள், முத்துக் குளித்தவர்கள், துணி நெய்தவர்கள், வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்கள், இவர்களின் பிள்ளைகள் நாம். சுல்தானின் மகன் நோயில் போய்விட்டான்; அவனுக்கு நம்மில் யாரும் வாரிசு இல்லை.

ஊர் திரும்பிய வாரமே மத்ரஸாவில் அந்த இரண்டு பக்கங்களையும் பாடமாக நடத்தினோம். வயதுக்குத் தக்கபடி சொன்னோம், குறைத்துச் சொல்லவில்லை. பரிசு வாங்கிய சிறுவன் முன்வரிசையில் இருந்தான். பாடம் முடிந்ததும் வந்து, “பரிசைத் திருப்பித் தரணுமா ஹஜ்ரத்?” என்றான். வேண்டாம், அடுத்த போட்டிக்குப் பிழார்ப் பள்ளியைப் பற்றிப் பேசு என்று, இம்முறை எழுதிக் கொடுக்காமல் அனுப்பினோம். ஒரு தந்தை மட்டும் வந்து, இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் அச்சம் எங்களுடையதாகவும் இருந்த ஒன்று. தேநீர் கொடுத்து உட்கார வைத்து நெடுநேரம் பேசினோம். அவர் முழுதும் சமாதானமாகவில்லை.

பயணத்தின் கடைசிப் பகுதியைச் சொல்ல விட்டுவிட்டோம். மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று நினைத்தோம். திடீரென்று தாயார் கேட்டார்: “அவரு சம்சாரம் என்னாச்சு? தில்லியில கட்டிக்கிட்டாருன்னு சொன்னியே.”

அவர் பெயர் ஹூர்நஸப் என்றோம். ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள். இரவெல்லாம் நின்று தொழக்கூடிய, திக்ருகள் ஓதக்கூடிய நல்ல பெண் என்று இப்னு பதூதா எழுதியிருக்கிறார். வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறார்.

“என்னையப் போல” என்றார் தாயார். அவர் குர்ஆன் ஓதுவார், அரபுத்தமிழ் நூல்களைத் தங்குதடையின்றி வாசிப்பார். கையெழுத்து மட்டும் இன்றுவரை பெருவிரல்தான்.

“புள்ள உண்டா?” என்று மறுபடி கேட்டார்.

ஒரு பெண் குழந்தை இருந்தது என்றோம். பின் இருக்கையிலிருந்து மகளின் குரல் வந்தது. அவள் உறங்கவில்லை. “அந்தப் பொண்ணு என்ன ஆனா அத்தா?”

அவர்கள் இருவரையும் அல்லாஹ் என்ன செய்தான் என்று தமக்குத் தெரியாது என அவரே எழுதிவிட்டார் என்றோம். பிள்ளையார்பட்டி விலக்கு தாண்டிக் காரைக்குடி விளக்குகள் தெரியத் தொடங்கின. அதுவரை தாயார் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே வந்தார். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.